வட்டக்கிணற்று நீச்சல்

போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு விடுதி. அங்கே நீச்சல்குளத்தில் முங்குகிறவர்களைக் காப்பாற்றக் காவல் ஆள் எடுக்கிறார்கள் என்று ஜீப்பு ஓட்டும் நண்பன் சொன்னான். போடியில் பார்த்துவந்த ஏலக்காய் சலிக்கும் வேலையை அன்றே விட்டுவிட்டு, மறுநாள் அவன் ஜீப்பில் ஏறினேன். இது கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

மலையாளி மேனேஜர், "யூ ஸ்விம்?" என்றார். நான் ஸ்விம், ஸ்வாம், ஸ்வம் என்று பள்ளியில் படித்ததை மொத்தமாக ஒப்பித்தேன். அவருக்கு முதல் வார்த்தையே போதுமாயிருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்க் காட்டச் சொன்னார்.

என் நீச்சல் முழுவதும் தோட்டத்து வட்டக்கிணற்றில் கற்றது. மேலிருந்து குதிப்போம், சுவரோரமாகச் சுற்றுவோம், மூச்சு வாங்கினால் மோட்டார் பைப்பைப் பிடித்துத் தொங்குவோம், பிறகு குதித்த இடத்துக்கே படியேறி வருவோம். யாரும் எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை.

வழக்கப்படி ஒரு கரணம் போட்டுக் குதித்தேன். கரையில் டீ குடித்துக்கொண்டிருந்த தம்பதி நனைந்தார்கள். மலைத்தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. கையை வீசினேன், உடம்பு தானாக இடப்பக்கம் வளைந்து, குதித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டது. மேனேஜர் விரலால் எதிர்க்கரையைக் காட்டினார். மறுபடி போனேன், மறுபடி அவர் காலடிக்கே வந்தேன். மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போனதில் நடுக்குளத்தில் மூச்சு முட்டியது. கை பைப்பைத் தேடியது. பைப்பு இல்லை. நாலு மிடறு தண்ணீர் குடித்தபின் காலை ஊன்றினேன். நெஞ்சளவுதான்.

"இதாணோ ஸ்விம்?" என்றார் மேனேஜர்.

நண்பன் எனக்காகப் பரிந்து பேசினான். "சார், எங்க ஊருல நீச்சல்னா தண்ணிக்குள்ள கிடக்கிறது. எங்கயாச்சும் போகணும்னா பஸ்சுல போயிருவோம்."

நனைந்த பெண்மணி சிரித்துவிட்டார். மேனேஜர் சிரிக்கவில்லை. ஸ்விம் என்றால் போய்ச் சேர வேண்டும், முங்குகிறவனிடம் நீ சுற்றி வந்து சேர்வதற்குள் அவன் போயே போய்விடுவான் என்று பொறுமையாக விளக்கினார். காவல் வேலை இல்லை என்றாகிவிட்டது.

"வெரசா துவட்டு மாப்ளே" என்று துண்டை எறிந்துவிட்டு, நண்பன் அந்தத் தம்பதியிடம் குரங்கணிக்கு ஜீப்பு வாடகை பேசப் போனான். சும்மா நிற்கக் கூச்சமாயிருந்தது. அங்கே கிடந்த வலைக்கம்பை எடுத்து, குளத்தில் மிதந்த சருகுகளை அள்ளிப்போட்டுக்கொண்டே கரையைச் சுற்றினேன். மேனேஜர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, நாளையிலிருந்து இந்த வேலைக்கு வா என்றார்.

இப்போது தினமும் காலையில் குளத்தைச் சுற்றி வருகிறேன். இடப்பக்கமாகத்தான்.