கழுத்தோடு அரிந்த காளான்

ஒல்லாந்தர் கோட்டையில் மூட்டை தூக்கும் வேலை போன பிறகு, பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவன் வீட்டுச் சார்ப்பில் கிடந்தேன். ஐப்பசி மழை. முகத்துவாரம் கொந்தளித்ததால் படகு எதுவும் போகவில்லை. கருவாடும் தீர்ந்துவிட்டது. சும்மா கிடப்பது எனக்குப் பசியைவிட மோசம்.

ஒரு காலை அவன் வயல் பக்கம் போய், கூடை நிறைய வெள்ளைக் காளானோடு வந்தான். அவன் மனைவி பாதியை நறுக்கிச் சட்டியில் போட்டாள். பிள்ளைகள் இரண்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. கூடையில் மிச்சமிருந்ததைப் பார்த்தேன். எல்லாமே குடைகள்.

"தண்டு எங்கே?"

"மீன் தலைய அரியறாப்ல கழுத்தோட அரிஞ்சிட்டேன். மண்ண யாரு சொமக்கறது?" என்றான்.

நான் நெல் அறுக்கப் போன ஊர்களில் காளானை வேரோடுதான் பிடுங்குவார்கள். புற்றுக்காளானின் தண்டு புற்றுக்குள் நீளமாக இறங்கும். அதே வெள்ளையில் வரும் நச்சுக்காளானுக்கு அடி குண்டாக மேலேயே நின்றுவிடும்; தண்டில் வளையம் இருக்கும்.

"பிள்ளைங்களுக்கு ஊத்தாதம்மா."

"இன்னாண்ணே, மஞ்சள் போட்டேன், நெறம் மாறலியே. வெந்தா சரியாப் பூடும்."

"வெஷமுள்ள பேத்தை மீனை வேகவெச்சுத் தின்னுவியா? அடியைத் தோண்டிப் பார்த்துட்டு வர்றோம்."

கரண்டியை வைத்துவிட்டாள். "சீக்கிரம் பார்த்துட்டு வாங்க. இதுங்கள எவ்ளோ நேரம் புடிச்சி வெக்கறது?"

அவனை இழுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். அரிந்த அடிகளைக் கத்தியால் தோண்டினோம். புற்றின் மேல் இருந்தவை இறங்கிக்கொண்டே போயின. பக்கத்துப் புல்லில் இருந்தவை வெங்காயம்போல் கையோடு வந்தன. வளையமும் இருந்தது.

"ரெண்டும் ஒரே கூடையிலயா போட்டே?"

"எல்லாம் வெள்ளையாத்தானே இருந்துச்சு!"

அரிந்த குடைகளை இனிப் பிரிக்க வழியில்லை. புற்றில் மிச்சமிருந்த மொட்டுகளை வேரோடு பிடுங்கி எடுத்துப் போனோம். அவள் சட்டியையும் கூடையையும் மணலில் கவிழ்த்தாள். சின்னது வீறிட்டு அழுதது. புதியதை வேறு சட்டியில் உப்பும் மிளகும் போட்டு வேகவைத்து எங்கள் இருவர் முன்னால் வைத்தாள்.

"பிள்ளைங்களுக்கு?" என்றேன்.

"உன் வேர நம்பி எம்புள்ளைங்க வயித்துல போட மாட்டேன். அதுங்களுக்குக் கஞ்சித்தண்ணி இருக்குது."

அது சரியான காளான்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகள் இரண்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. பாதியில் எழுந்து கை கழுவினேன். மழை விடுவதற்குள் பொன்னேரிப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டேன்.