அம்மிக்கல் அழுத்திய காற்று

எங்கள் மகளுக்குக் கழுத்தில் கட்டி வந்த வருஷமும் திண்டுக்கல்லில் மழை பொய்த்த வருஷமும் ஒன்று. அறுபதுகளின் நடுப்பகுதி. இரண்டையும் பிரித்து நினைக்க என்னால் இன்றுவரை முடியவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வராமல் வெறுங்காற்று சீறுகிற சத்தத்தைக் கேட்டால், பிள்ளை மூச்சு வாங்கியதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. மதுரைக்குக் கொண்டுபோய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம். காசநோய்க் கட்டி என்றார். "ஊசி பாதி வேலைதான்யா செய்யும். மீதிய சோறு செய்யணும். எப்பாடு பட்டாவது பிள்ளையச் சாப்பிட வை" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். ஊசி போட எங்கள் தெருவிலேயே கம்பவுண்டர் இருந்தார். சோற்றுக்குத்தான் வழி தெரியவில்லை. தட்டைப் பார்த்தாலே பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். "ஒரே ஒரு வாய் தாயி" என்று என் வீட்டுக்காரி கெஞ்சுவாள். வாங்கிய கவளத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விழுங்காமல் கிடப்பாள்.

எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் குடியிருந்தார். மெட்ராஸ்காரர். அவருக்கு மாற்றல் வந்தபோது, தான் வைத்திருந்த கண்ணாடி மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே மூன்று தங்க மீன்கள்.

"கடைக்காரரே, ரயில்ல கொண்டுபோனா இது உடைஞ்சு போயிடும். பாப்பா கட்டில் பக்கத்துல வச்சுக்கங்க. வாரம் ஒருதரம் பாதித் தண்ணிய எடுத்துட்டு புதுத் தண்ணி ஊத்தினா போதும்."

குழாயடியில் நின்றுவிட்டு வெறுங்குடத்தோடு வந்திருந்த என் வீட்டுக்காரி இடுப்புக் குடத்தை இறக்காமலே சொன்னாள்: "ஏன் சார், நாங்க குளிச்சே நாலு நாளாச்சு. இவுக வாரா வாரம் குளிக்கணுமாக்கும்?"

அவர் சிரித்துவிட்டார். மெட்ராஸில் இதற்கென்று ஒரு சின்ன மோட்டார் உண்டு, அது காற்றை ஊதும், அந்தக் காற்றே தொட்டித் தண்ணீரை வடிகட்டிவிடும் என்று கையால் காட்டிக்காட்டி விளக்கினார். எங்கள் வீட்டில் கரண்டே கிடையாது. நான் தலையை ஆட்டி வைத்தேன்.

ஆனால் தொட்டி வந்த அன்றைக்கே பிள்ளை சாப்பிட்டது. பொரியை நுணுக்கி மீனுக்கு ஒரு சிட்டிகை போடுவாள். அது வாய் வைத்ததும் தானும் ஒரு வாய் வாங்கிக்கொள்வாள். "மீனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு." எங்கள் வீட்டில் சாப்பாட்டு முறையே அதுவாகிவிட்டது. என் வீட்டுக்காரி அடுப்படிக்குப் போய் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. தின்னாத பொரி ஊறி, தண்ணீர் பச்சையாகி நாறத் தொடங்கியது. மாற்றி ஊற்றத் தண்ணீர் இல்லை. கிணற்று நீர் உப்பு. ஒருநாள் மாலை கடையிலிருந்து வந்தபோது தட்டுச் சோறு அப்படியே இருந்தது.

"அப்பா, மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. பொரி போட்டா திங்க மாட்டேங்குது. எனக்கும் வேணாம்."

எனக்கு வாடகை சைக்கிள் கடை. அஞ்சாவதுக்கு மேல் படிப்பில்லை. தெரிந்ததெல்லாம் காற்றடிப்பதும் பஞ்சர் ஒட்டுவதும்தான். அந்த மெட்ராஸ்காரர் கையால் காட்டியதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். மோட்டார் இல்லையென்றால் என்ன, காற்றுக்கு என்னிடம் பஞ்சமா?

வாயகன்ற ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவி எடுத்தேன். கண்ணாடி ஜாடி. அதற்குள் அடியில் கூழாங்கல், அதன்மேல் கன்னிவாடி ஓடையில் அள்ளிவந்த மணல், அதன்மேல் கழுவிய அடுப்புக்கரி, எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சு. மூடிக்கு, துளை போட்ட கொட்டாங்கச்சி. இந்த ஜாடி தொட்டித் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். ஜாடியின் நடுவே அடிவரை இறங்கும்படி ஒரு குழாய் வேண்டும். முதலில் பப்பாளி இலைக்காம்பை வைத்தேன். மூன்றாம் நாளே அழுகி, இருந்த நாற்றத்தோடு இன்னொரு நாற்றம் சேர்ந்தது. அப்புறம் என் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த இங்க் பேனாவின் இரண்டு முனையையும் அறுத்து வைத்தேன். அதற்குள் வால்டியூப், அதாவது சைக்கிள் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாய், நீளமாக. அதன் மறுமுனை ஒரு பழைய லாரி டியூபில். காற்றுக்குமிழ் பேனாக் குழாயில் ஏறும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப வெளித் தண்ணீர் கொட்டாங்கச்சித் துளைகளில் இறங்கி, பஞ்சு, கரி, மணல் எல்லாவற்றையும் கடந்து வரும். இவ்வளவுதான் சங்கதி.

லாரி டியூபைச் சைக்கிள் பம்பால் அடித்து நிரப்பினேன். காற்று ஒரே சீராக வரவில்லை. முதலில் பீறிட்டது, அப்புறம் ஓய்ந்தது. டியூபின்மேல் பலகையைப் போட்டு, பலகைமேல் பாரம் ஏற்றினால் சரியாகும் என்று பட்டது. வீட்டில் இருந்த ஒரே பாரம் அம்மி.

"அம்மியக் கொண்டுபோயி காத்துமேல வச்சுட்டீகளே, வெஞ்சனத்துக்கு எதுல அரைக்கிறது? உங்க தலையிலயா?"

"பக்கத்து வீட்டுல கேட்டு அரைச்சுக்கயேன்."

"ஆமா, மீனுக்கு மூச்சுத் திணறுது, எங்க வீட்டு அம்மி வைத்தியம் பாக்கப் போயிருக்குன்னு சொல்லிக் கேக்குறேன்."

பிள்ளை கட்டிலில் கிடந்தபடி சிரித்தது. அம்மிக்காகப் போட்ட அந்தச் சண்டையை நான் ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன்.

கம்பியை வளைத்து ஒரு கவ்வி செய்து வால்டியூபை நெருக்கினேன். பேனாவின் வாயில் குமிழ் வந்தது. குளுக், குளுக், குளுக். ஒரு நிரப்பு அரை நாளைக்குத் தாங்கும். காலையில் சாமி விளக்கேற்றிய கையோடு பம்பைப் பிடிப்பேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "முருகா". தனியாக வேறு பூஜை அந்த நாட்களில் நான் செய்யவில்லை. தண்ணீர் தெளிந்தது. மீன்கள் கீழே இறங்கி நீந்தின. பிள்ளை மறுபடி சாப்பிட்டது.

கழுத்துக் கட்டி மட்டும் அப்படியே இருந்தது. ஊசி போட்டும் அடங்கவில்லை. கட்டி கரைய வேண்டுமென்று நேர்ந்துகொண்டு கோயில் தெப்பக்குளத்தில் வெல்லம் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெல்லம் தண்ணீரில் கரைகிற மாதிரி கட்டியும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. நோயாளி தன் கையாலேயே கரைக்க வேண்டும். என் வீட்டுக்காரி அப்படி நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் வெல்லத்தை முடிந்து வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை குளத்தைப் பார்த்துவரப் போனாள். தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லை. படிக்கட்டின் அடிவரை வெடித்த சேறு. ஆடுகள் நடுக்குளத்தில் நின்றனவாம்.

அன்று மத்தியானம் நான் சாப்பாட்டுக்கு வந்தபோது தொட்டித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தது. கை முழுக்கப் பிசுபிசுப்பு.

"அப்பா, நான் சாமிக்கு வெல்லம் கரைச்சுட்டேன்! மீனு வந்து என் விரலச் சப்புச்சுப்பா!"

என் வீட்டுக்காரி குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாள். "கொளத்துல தண்ணி இல்லாட்டி சாமி வேணாங்குமா? இதுலயும் தண்ணி இருக்கு, மீனு இருக்கு. ஆத்தா மகமாயியக் கும்பிட்டுக் கரைக்கச் சொன்னேன். பாதிதான் கரைச்சிருக்கு, மீதிய அடுத்த வெள்ளிக்குக் கரைச்சுக்கலாம்."

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். நிறம் என்ன, நம் ஜாடி வடித்துவிடும் என்றுதான் நினைத்தேன். மண்ணையும் பாசியையும் பஞ்சு பிடிக்கும். கரைந்துபோன இனிப்பை எது பிடிக்கும்?

மறுநாள் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கியது. அதற்கு மறுநாள் புளித்த வாடை. பஞ்சு வழவழவென்று ஆகிவிட்டது. மீன்கள் மேலே வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து காற்றடித்தேன். கவ்வியைத் தளர்த்தி விட்டேன். டியூப் இறங்க இறங்க அடித்தேன். என் வீட்டுக்காரி குடிக்க வைத்திருந்த குடத்தை அப்படியே கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தாள். வீட்டில் குடிக்க ஒரு சொட்டு மிச்சமில்லை. போதவில்லை. பொழுது சாய்வதற்குள் மூன்றும் ஒருக்களித்து மிதந்தன.

பிள்ளை கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்க் கட்டியைத் தடவிப் பார்த்தது.

"கரையலப்பா."

"கரையும் தாயி. கொஞ்ச நாளாகும்."

"என் நோவுதான் தண்ணியில எறங்கி மீனுக்குப் போயிருச்சா?"

"இல்ல தாயி, அப்படியெல்லாம் இல்ல."

"பின்ன ஏன் செத்துச்சு?"

வெல்லத்தால் என்று சொன்னால் அவள் அம்மாவைச் சொன்னதாகும், அவள் கையைச் சொன்னதாகும். நோயால் என்று சொன்னால் அவளையே சொன்னதாகும். சாமியைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ஜாடியை வெளியே எடுத்தேன்.

"எடுக்காதப்பா. அந்தச் சத்தம் இருக்கட்டும்."

ஜாடியைக் கழுவி, நாற்றத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிணற்று உப்புநீரை ஊற்றி மறுபடி வைத்தேன். மீன் இல்லாத தொட்டியில் குமிழ் வந்தது. வேறு மீன் வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "வேணாம், அதுவும் செத்துப்போகும்" என்றாள். பொரிக் கிண்ணத்தைப் பார்க்கவே மாட்டாள். மீனுக்கு ஒன்று இல்லாமல் போனபின் தனக்கு ஒன்று அவள் கேட்கவே இல்லை. பாலை மட்டும் எப்போதாவது இரண்டு மடக்கு. ஊசி பாதி வேலையைச் செய்துகொண்டே இருந்தது. மீதிப் பாதியை நாங்கள் செய்ய முடியவில்லை. என் வீட்டுக்காரி சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, ஊட்டாமலும் எழாமலும் கட்டிலடியில் உட்கார்ந்திருப்பாள். அவளை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததே அவளைத் தின்றது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு காலையில், நான் விளக்கேற்றி, டியூபை நிரப்பி, அம்மியைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சொந்தபந்தம் வந்து வீடு நிறைந்தது. அழுகைக்கு நடுவே குளுக், குளுக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு பெரியவர், "அது என்ன சத்தம், அத நிறுத்துங்கப்பா" என்றார். என் வீட்டுக்காரி தலையைத் தூக்கி, "அதத் தொடாதீக" என்று கத்தினாள். அதற்குப் பிறகு யாரும் கிட்டப் போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபோதும் என் காற்று மிச்சமிருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது தீர்ந்திருந்தது. பலகை தரையோடு தரையாகக் கிடந்தது, அதன்மேல் அம்மி.

அம்மி அடுப்படிக்குத் திரும்ப வெகு நாளாயிற்று.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. குளம் நிறைந்துவிட்டது என்று ஊரே பேசியது. ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி குளித்துவிட்டு வந்து, "நேந்தது பாதி கெடக்கு" என்றாள். இனி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாகப் போனோம். படியில் உட்கார்ந்து மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள். வெல்லம் ஈரம் பட்டுக் கறுத்திருந்தது. கையைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனதும் பொடிமீன்கள் எங்கிருந்தோ கூட்டமாக வந்துவிட்டன. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இதுகளுக்கு ஒண்ணும் ஆயிறாதே?"

"பெரிய கொளம். ஒண்ணும் ஆகாது."

அவள் கையை உள்ளே விட்டாள். கரைகிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொள்ள எங்கள் இரண்டு பேரிடமும் எதுவும் இல்லை.