இடது பெட்டி

புது ஸ்பீக்கரை வாங்கிய கையோடு முழுச் சத்தத்தில் போடக் கூடாது என்று எனக்குச் சொன்னவர் சித்தப்பா. கத்தாரில் நாள் முழுக்கக் கம்ப்ரசர் இரையும் ஓர் அறையில் அவருக்கு வேலை. அந்த முறை லீவுக்கு வந்தபோது, இரண்டு மரப்பெட்டிகளைப் போர்வைகளுக்குள் சுற்றிக் குழந்தைகளைப் போலத் தூக்கி வந்திருந்தார். உள்ளே இருக்கும் காகிதக் கூம்பு விறைப்பாக இருக்குமாம். பைய ஓடவிட்டு இளக்க வேண்டுமாம். "புதுச் செருப்பு மாதிரித்தான் மக்ளே. பழகாம ஓடினா கடிக்கும்" என்றார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. இரணியல் வீட்டின் முன்னறையில் டிவி மேசையை ஓரங்கட்டினோம். வடசேரிக்குப் போய்த் தடித்த வயர் வாங்கி வந்தோம். பெட்டிகளைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்து, எதிரே நடுவில் ஒரு நாற்காலி போட்டோம். நூல் பிடித்து அளந்தது நான்தான். சபைப் பாடகர் குழுவின் கீர்த்தனை சிடி ஒன்று காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "உங்க வீட்டுல கன்வென்ஷன் கூட்டமா நடக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா, பிரசங்கியாருக்குத்தான் சோறு பொங்கிப் போட்டுட்டு இருக்கேன்" என்றாள் சித்தி.

பாட்டு ஓட ஓடச் சித்தப்பாவின் முகம்தான் வாடிக்கொண்டு வந்தது. இடது பெட்டியின் சத்தம் இன்னும் திறக்கவில்லை, அமுங்கியே கேட்கிறது என்றார். கடல் தாண்டி வந்த சாமானை யாரிடம் கொண்டுபோய் மாற்றுவது? போதாததற்குச் சித்தியின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அங்க உள்ள கடைக்காரனும் ஆளு பாத்துத்தான் குடுப்பான் போல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னும் ஓடட்டும், இன்னும் ஓடட்டும் என்று சித்தப்பா விட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. சொன்னால், "ஒனக்கு வெளங்காது. செவி பழகணும்" என்பார்.

லீவு தீர இருந்த சமயம், மற்றவர்கள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போன பகலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டிகளை இடம் மாற்றி வைத்தால் என்ன? கெட்ட பெட்டி வலப்பக்கம் போனால், வலப்பக்கம்தானே மங்க வேண்டும்?

"நீ இன்ஜினியர்தாம்ட்டி" என்று சித்தப்பா எழுந்தார். மாற்றி வைத்தோம். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார்.

"இடத்த பக்கந்தான் இப்பமும் அமுங்கிக் கிடக்கு."

"அது வலத்த நின்ன பெட்டில்லா, சித்தப்பா?"

அவர் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மாற்றி வைத்த பிறகு வலப்பக்கம் நின்று நன்றாகப் பாடிய பெட்டி இப்போது அவருக்கு இடப்புறம் வந்துவிட்டது. எது மங்கல் என்று கேட்டேன். இடது கையைத்தான் உயர்த்தினார். பிறகு வலது செவியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். இதுவும் சோதனையில் ஒரு கட்டம் என்று நினைத்து, இடப்பக்கம் போய் நின்று, "கேக்கா?" என்றேன். இரண்டாம் முறையும் கேட்டேன். சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திடுக்கிட்டுக் கையை எடுத்தார்.

"செரியாயிட்டு மக்ளே. ரெண்டும் நல்லாப் பழகிட்டு" என்றார். பாட்டை நிறுத்தினார். "இத மாத்தி வச்சுப் பாத்தத யார்ட்டயும் சொல்லாண்டாம், கேட்டியா."

பெட்டியை உருட்டியதற்குச் சித்தி ஏசுவாள் என்று பயப்படுகிறார் போல என்று எண்ணினேன். அதனால் பெட்டி செரியாயிட்டு என்பதை மட்டும் தெருவெல்லாம் சொன்னேன். சித்தியின் அண்ணனே வந்து கேட்டு, குறை சொல்ல முடியாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் கட்டிக்கொண்டிருந்த மேல்மாடி கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நின்றது. லீவு முடிந்ததும் சித்தப்பா அதே கம்ப்ரசர் அறைக்குத் திரும்பினார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போன காரில் சித்தி அவருக்கு இடப்பக்கம் இருந்தாள். கொத்தனார், தண்ணீர்த் தொட்டி, தன் தம்பிக்கு விசா என்று வழிநெடுகப் பேசினாள். ஜன்னலுக்கு முகம் திருப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டும் பேசினாள். சித்தப்பா முன்கண்ணாடியைப் பார்த்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது சித்தி என் அம்மாவிடம், "இந்தத் தடவ நான் சொன்ன ஒண்ணுக்கும் எதுத்துப் பேசல்ல மைனி. மனுசன் நல்லா மாறிட்டாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அம்மா மடியில் படுத்திருந்த எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.