பொட்டாசியம் ஏழு புள்ளி மூன்று

என் மற்ற கதைகளை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நானே நம்புவதில்லை. இது மட்டும் நடந்தது. பினாங்கில், பட்டப்பகலில், ஒரு மருத்துவமனை லேபில்.

அங்கே ரத்தம் பரிசோதிப்பவன் அருணன். ஒரு நாள் கணினி மொத்தமாகப் படுத்துவிட்டது. அப்படிப்பட்ட நாளில், ஆபத்தான ரிசல்ட் வந்தால் வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். கேட்ட நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் பெயரை நோட்டில் எழுத வேண்டும். அன்று வார்டில் படுத்திருந்த, ஆயர் ஈத்தாம் ஊர்க்காரி ரோஹானாவுக்குப் பொட்டாசியம் ஏழு புள்ளி மூன்று. நெஞ்சையே நிறுத்திவிடும் அளவு. அருணன் வார்டுக்கு ஒரு தடவை போன் அடித்தான். லைன் பிஸி. சாப்பிடப் போய்விட்டான்.

மூன்று மணி நேரம் கழித்து ரோஹானா இறந்தாள். அதன் பிறகுதான் நோட்டில் எழுதினான்: 'நர்ஸ் நோர்மாவிடம் சொல்லியாயிற்று.' அந்த வார்டில் நோர்மா என்று யாருமே இல்லை. வந்து போகும் தற்காலிக நர்ஸாக இருக்கும் என்று விசாரணையில் விட்டுவிட்டார்கள். பழி கணினி மேல் விழுந்தது. கணினி மறுத்துப் பேசவில்லை.

எட்டு மாதம் கழித்து மறுபடியும் கணினி படுத்தது. பிற்பகல் 3.12. போன் அடித்தது.

"நர்ஸ் நோர்மா பேசுறேண்ணே."

"யாரு? விளையாடாதீங்கலா."

"அன்னைக்குச் சொன்னீங்களே, திருப்பிச் சொல்றேன். ரோஹானா. பொட்டாசியம் ஏழு புள்ளி மூணு. சரியா?"

அவள் குரலுக்குப் பின்னால் மானிட்டர் சத்தம். டிக்... டிக்...

"நீங்க சரின்னாதாண்ணே எழுத முடியும்."

போனை வைத்தான். வைத்த போனிலிருந்தே குரல் வந்தது.

"எத்தன மணிக்குச் சொன்னீங்க?"

டிக்...... டிக்......

அருணன் நெஞ்சில் கை வைத்தான். அதுவும் அதே தாளத்தில்தான் அடித்தது.

"அந்த மூணு மணி நேரம் எனக்கு எப்படி அடிச்சுச்சு தெரியுமாண்ணே?"

'எனக்கு' என்றாளே... அப்படியானால் பேசுவது நர்ஸ் இல்லை.

டிக்.........

"நான் கூப்பிடவே இல்ல..." என்றான் அருணன்.

"நான் கூப்பிடவே இல்ல. சரியா?"

"சரி."

3.16. சத்தம் நின்றது.

அடுத்த வாரம், ரோஹானாவின் கணவர் ஹக்கீமுடைய வக்கீல் அருணனை அழைத்து, ரோஹானாவின் வார்டுக் கோப்பு நகலை நீட்டினார். கடைசிப் பக்கத்தில், சாய்ந்த கையெழுத்தில்:

'3.16. லேப் அருணன் போனில் சொன்னது: நான் கூப்பிடவே இல்லை. திருப்பிச் சொல்லி உறுதி செய்யப்பட்டது.'

"இது எப்போ உங்க கைக்கு வந்துச்சு?"

"அடக்கம் பண்ணின மறுநாளே வாங்கிட்டேன் தம்பி. எட்டு மாசமா என் இரும்பு அலமாரியிலதான் இருக்கு."