பூஜ்ஜியத்துக்கு வந்த ஒளி

“உள்ள ஒண்ணுமே அனுப்பலைங்கற. அப்புறம் எப்பிடிடி வெளிய வெளிச்சம் வருது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

“ராத்திரி பூரா முழிச்சா கோழிகூட மயிலாத்தான் தெரியும். சோறு தின்னியா புள்ள?”

ஆய்வகத் தோழி நர்மதாவும் நானும் போனில் பேசியது இது. அவள் சிரித்தாள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் நடந்ததை நடந்தபடியேதான் எழுதுகிறேன். இருட்டுகூட இல்லை. போன மாசியில் ஒரு ஞாயிறு. தொடங்கியபோது மதியம் 2:10. சேந்தமங்கலம் பக்கத்திலுள்ள எங்கள் கல்லூரியில், ஆய்வகத்தில் நான் தனியாக இருந்தேன்.

என் ஆய்வு ஒளிப்பெருக்கி பற்றியது. கண்ணாடி இழை வழியாக வரும் மெலிந்த ஒளியைப் பெருக்கித் தரும் சிறிய குறைக்கடத்திச் சில்லு அது. அதன் போக்கைக் கணினியில் கணக்காக அமைக்க வேண்டும். என் கணக்கோ ஆய்வகத்தில் அளந்த வரைபடத்தோடு பொருந்தவே இல்லை. ஆல்ஃபா என்ற ஓர் எண் மட்டும் பிடிபடவில்லை. மறுநாள் பத்து மணிக்குக் குழுவின் முன் காட்ட வேண்டும். மூன்றாவது தவணை. தவறினால் என் ஆய்வுப் பதிவு ரத்து.

அதனால் எங்களில் எல்லோரும் செய்வதையே செய்தேன். சீனியர் ஒருவரின் ஃபைலை எடுத்து, எதையும் திருத்தாமல் ஓட்டினேன். அவர் பெயர் இளஞ்செழியன். ஆய்வைப் பாதியில் விட்டுப் போனவர் என்று கேள்வி.

முதலில் ஒளி அனுப்பாமல் ஓட்டிப் பார்ப்போம். உள்ளே பூஜ்ஜியம். அப்போதும் இந்தச் சில்லு சும்மா இராது, தானாகவே லேசாக ஒளியைக் கசியவிடும். திரையில் புல் முளைத்தது போலச் சின்னக் கோடுகள். அவ்வளவுதான் வர வேண்டும்.

2:31. வலது ஓரத்தில் ஒரு மேடு.

மறுபடி ஓட்டினேன். எதையும் மாற்றாவிட்டால் அதே வரைபடம்தான் வரும். நிரலே அப்படி எழுதப்பட்டது.

2:44. மேடு நடுவில் இருந்தது.

2:57. இன்னும் இடப்பக்கம்.

யாரோ நடந்து வருவது போல...

நர்மதாவை அழைத்தது அப்போதுதான். போனை வைத்ததும் ஏசி நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது.

க்ரீச்...

பக்கத்து நாற்காலி. அதன் சக்கரங்கள் மெல்ல உருண்டு மேசையருகே நின்றன.

3:10. நான் எதையும் தொடவில்லை.

கணக்கு ஓடியது.

மேடு இடது ஓரத்திலிருந்த பூஜ்ஜியத்தைத் தொட்டது.

டக்... டக் டக்...

விசைப்பலகை.

ஆல்ஃபாவின் கட்டத்தில் 4.83.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன...

எப்படி விடுதிக்கு ஓடினேன் என்று தெரியாது. மறுநாள் காலை நர்மதாவைத் துணைக்கு அழைத்துப் போய், அந்த எண்ணை வைத்து ஓட்டினேன். அளந்த கோட்டின் மேல் கணக்கின் கோடு அப்படியே படிந்தது. நர்மதா சிரிக்கவில்லை. குழு ஒப்புக்கொண்டது. ஆனால், 4.83 எப்படிக் கிடைத்தது என்று ஒரு வாரத்தில் எழுதித் தரச் சொன்னது.

இளஞ்செழியனின் ஆய்வு நோட்டில் வழி இருக்கும் என்று நினைத்தேன். புதன்கிழமை பள்ளிபாளையத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவருடைய அம்மா பெரியநாயகி நோட்டை எடுத்து வந்தார்.

“அவன் போயி ரெண்டு வருசமாச்சு சாமி. ஆஸ்பத்திரியிலயும் அந்த ஒரு எண்ணு கெடைக்கலீன்னே பொலம்பிக்கிட்டுக் கெடந்தான்.”

கடைசிப் பக்கத்தில் ஆல்ஃபா என்று எழுதியிருந்தது. எதிரே இடம் காலி.

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. எழுந்து முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“நாலு மணிக்கு பஸ்சு இருக்குதுங்க. நானும் வாரேன். அதை இன்னொருக்கா ஓட்டிக் காட்டறீங்களா, சாமி?”