ஒரே முகவரியில் இரண்டு பெட்டி

தம்பிக்குச் சிறுநீரகம் கெடுவதற்கு முந்தைய வருஷம்தான் அவள் 'கடுகு' என்ற நிரலை எழுதினாள். பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்த பெரிய கூட்டங்களில் ஒவ்வொரு நிரலையும் அதன் சட்டி சாமானோடு ஒரு பெட்டியில் அடைத்து ஓட்டுவார்கள். பெட்டிக்கு வழக்கமாக ஒரே நெட்வொர்க்தான். இரண்டு மூன்று வேண்டுமென்றால் யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல் பெரிய ஏற்பாடு தேவைப்பட்டது. அவள் எழுதியது கையடக்கமான செருகுநிரல். பெட்டி எழுந்ததும் இன்னொரு நெட்வொர்க்கில் சேர்த்து, ஒரு முகவரியும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சிறிசு என்பதால் அலுவலகத்தில் கடுகு என்றார்கள். அந்தப் பெயரிலேயே இணையத்தில் இலவசமாகப் போட்டுவைத்தாள்.

யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். நன்றாக ஓடும்வரை ஒருவரும் எழுதமாட்டார்கள். கோளாறு வந்தால் மட்டும் குரல் கேட்கும். கல்யாணம் பண்ணிக்காமலே ஊர்ப்பட்ட மாமியார்கள் தனக்கு என்று தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் சிரிப்பு குறைந்தது. அவனை டயாலிசிஸில் படுக்கவைத்துவிட்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கப் பழகினாள். அங்கேதான் ஒரு முற்பகலில் முகம் தெரியாத ஒருவர் கடுகுக்கு அனுப்பிய திருத்தத்தை போனில் படித்தாள். ஓட்டம் நின்று செத்த பெட்டியின் முகவரியைச் சீக்கிரம் விடுவிப்பதற்கான திருத்தம். நல்லதாகத்தான் பட்டது. இன்னொரு தரம் படிக்கலாம் என்று நினைத்தபோது, தம்பிக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று நர்ஸ் கூப்பிட்டார். ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து ஓடினாள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். திருத்தத்தில் ஓட்டை இருந்தது. செத்துவிட்டதாகக் கணக்காகும் பெட்டி சில சமயம் செத்திருக்காது. அதற்குள் அதன் முகவரி இன்னொன்றுக்குப் போய்விடும்.

ஒரு ரசாயன ஆலையில் தொட்டிகளின் விஷவாயு அளவைத் திரைக்குக் கொண்டுவந்த பெட்டிகள் கடுகை நம்பி ஓடின. ஒருநாள் இரண்டு பெட்டிகளுக்கு ஒரே முகவரி விழுந்தது. சுத்தமான தொட்டியின் அளவு, வாயு தேங்கிய தொட்டியின் பெயரில் பச்சையாகத் தெரிந்தது. கையில் பிடித்து அளக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. மேற்பார்வையாளர் திரையைப் பார்த்து இறங்கச் சொன்னார். தொட்டி கழுவுகிறவர் இறங்கினார். ஏறவில்லை.

ஆலையின் கணினிப் பொறியாளர் அவளைத் தேடிப்பிடித்து போன் செய்தார்.

"உங்களக் குத்தம் சொல்லக் கூப்பிடல. உங்களுக்குத் தெரியணும்னு தோணிச்சு, அவ்வளவுதான்."

அவள் வேலை பார்த்த கம்பெனியின் வக்கீல், எதற்கும் பொறுப்பில்லை என்ற வாசகம் கடுகோடு சேர்ந்தே இருப்பதைச் சுட்டிக்காட்டி, வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றார். அந்த வாசகத்தை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியது அவள்தான். முழுசாகப் படித்ததுகூட இல்லை. செத்தவர் வீட்டுக்குப் போகவேண்டாம் என்று தம்பியும் கெஞ்சினான். பொறியாளரிடம் வழி கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. வாசலில் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. செத்தவரின் அண்ணன், வெல்டர், நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆலையிலிருந்து வந்தவளா என்று கேட்டார். இல்லை என்றாள். பெட்டி, முகவரி என்று சொல்லப்போய், பாதியில் விட்டாள். திரை பொய் காட்டியதற்குக் காரணம் தன் கை என்று மட்டும் சொன்னாள்.

வெல்டர் சொன்னார்: "இறங்கச் சொன்னவன் இருக்கான். அளக்குற கருவிய ரிப்பேர் பண்ணாம விட்டவன் இருக்கான். நீ கடைசியிலதான் வர்றம்மா."

செத்தவரின் மனைவி குறுக்கிட்டார்.

"அவங்க யாரும் வரல. அவங்க முகம் எனக்குத் தெரியாது. இனிமே நெனைக்கிறப்பல்லாம் உங்க முகந்தான் வரும். வராமயே இருந்திருக்கலாம் நீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தாள். கேட்காமலே வெளியே வந்தாள்.

ஓட்டையை அடைத்தாள். கூடவே ஒரு காவலும் வைத்தாள்: முகவரி கொடுக்குமுன் கடுகு அந்தக் கணினிக் கூட்டம் முழுவதையும் விசாரிக்கும், சந்தேகம் இருந்தால் பெட்டியை எழவே விடாது. மாமியார்கள் கொதித்தார்கள். கடுகு பூசணிக்காயாகிவிட்டது, ஆமை மாதிரி நகர்கிறது என்று எழுதினார்கள். காரணத்தை அவள் விளக்கிச் சொல்லியும் எடுபடவில்லை. மாசம் முடிவதற்குள் ஒருவர் அதை நகலெடுத்து, காவலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இன்னும் இலகுவானது என்று விளம்பரம் கொடுத்தார். ஜனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. வேண்டாம் என்று அவருக்கு எழுதினாள். நகலெடுத்து மாற்றக் கடுகின் உரிமம் அனுமதிக்கிறதே என்று மரியாதையாகப் பதில் வந்தது. அனுமதிக்கத்தான் செய்தது.

அதன்பிறகு தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஆலைகள், நீரேற்று நிலையங்கள் என்று கண்ணில் பட்ட இடங்களுக்கெல்லாம் எச்சரித்து எழுத ஆரம்பித்தாள். பலரும் பதில் போடவில்லை. பதில் போட்ட ஒருவர், கடுகு தங்களிடம் ஓடுகிறதா என்றே தங்களுக்குத் தெரியாது, எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருந்தார்.

எங்கே தேட வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, நிதானமாக எழுதினாள்.