ஜூஸ் கம்பெனியின் பூட்டிய கக்கூஸ்

சர்வதேச உறவுகள் படித்து நான் எம்.ஃபில். ஆய்வு செய்த அந்த எண்பதுகளை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. அழுகிய மாம்பழ வாடை மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

தலைப்பு, வளைகுடா நாடுகளோடு நமக்கிருந்த ஏற்றுமதி உறவு. எங்கள் மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலை. ஜூஸ் கம்பெனி என்பார்கள். கூழ், டின்னில் அடைபட்டுக் கப்பலேறும். மேனேஜரையும் அதிகாரிகளையும் பார்த்தால் போதும் என்றார் என் நெறியாளர். பழம் சீவுகிற பெண்களிடமும் கேட்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கேட்டேன். பக்கத்திலேயே சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஒரு கொறையும் இல்லீங்க" என்று முதல் பெண் சொன்னதையே எல்லோரும் சொன்னார்கள். வினாத்தாள் நிரம்பியது. நாசமாய்ப் போன வினாத்தாள்!

மதியம் அவர்கள் கூட்டமாக வேலிக்காத்தான் புதர்ப் பக்கம் ஒதுங்கப் போனார்கள். நானும் போனேன், எனக்கும் அவசரம். அங்கே எந்த ஆம்பளையும் வர முடியாது. அங்கேதான் அவர்களுக்கு வாய் திறந்தது.

"காலையில இருந்து சொட்டுத் தண்ணி குடிக்கறதில்ல பாப்பா" என்றார் மூத்த அக்கா ஒருவர். "குடிச்சா போவணும். போனா சூப்பர்வைசர் கத்துவான். அடிவயிறு எரியுது. டாக்டரம்மா தண்ணி குடின்னு திட்டுறாங்க."

"கம்பெனிக்குள்ள கக்கூஸே இல்லையாக்கா?"

"ஏன் இல்ல? சரக்கு வாங்குற வெளிநாட்டுத் தொரை வர்றாருன்னு வெள்ளை டைல்ஸ் போட்டுக் கட்டுனாங்க. அவரு போனதும் பூட்டிட்டாங்க. சாவி மேனேஜர் கையில. நீ எழுதுனா தெறப்பாங்களா?"

எழுதினேன். ஆய்வு முறை என்ற அத்தியாயத்தில், பேட்டி நடந்த இடம் முள்புதர், ஏன் அங்கே என்பதற்கான காரணம், எல்லாம் எழுதினேன். பெண்கள் பேசக்கூடிய இடத்துக்கு நாம் போவதும் ஆய்வு முறைதான் என்று வாதாடினேன். நெறியாளர் சிவப்பு மையால் பக்கத்தையே அடித்து, ஓரத்தில் 'அசிங்கம்' என்று எழுதினார்.

"சர்வதேச உறவுல கக்கூஸ் எங்கம்மா வருது?"

"நீங்களே வந்து பாருங்க சார்."

வந்தார். மேனேஜர் ஏ.சி. அறையில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார். என் சார் மூன்று டம்ளர் குடித்தார். வயிறு முட்டினால் என்ன, அவருக்கா பயம்? பாத்ரூம் எங்கே என்று அவர் கேட்டதும் மேனேஜர் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். சார் போய்விட்டு, கர்ச்சீப்பில் கை துடைத்தபடி வந்து, "வசதி எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார். தூ! அந்த முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

கதவு திறந்திருந்தது, சாவி பூட்டிலேயே தொங்கியது. நான் சீவுகிற கூடத்தைப் பார்த்துக் கத்தினேன். "அக்கா, போயிட்டு வாங்க!"

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். மாம்பழச் சாறு சொட்டும் கையோடு, எங்கள் மூன்று பேரையும் தாண்டிப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டார். மேனேஜர் முகம் கோணியது. அக்கா வெளியே வந்ததும், "பினாயில் ஊத்திக் கழுவு!" என்று பாய்ந்தார்.

"இந்த ஐயா போனப்ப கழுவச் சொல்லலீங்களே?"

சார் ஜன்னலைப் பார்த்தார். அக்கா கழுவினார், பூட்டினார், சாவியை நீட்டினார். அதில் கழுவின ஈரம் சொட்டியது. மேனேஜர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"சீ! நீங்கெல்லாம் போனதுக்கு இனிமே எந்தத் தொரையை அனுப்புவேன்? நீங்களே வெச்சுக்குங்க. தொரைக்கு வேற கட்டிக்கறேன்."

அப்படித்தான் கிடைத்தது. மனுஷிகள் என்பதற்காக இல்லை, அவர்கள் தொட்டதை இவர் தொட மாட்டார் என்பதற்காக. சந்தோஷப்படக்கூட விடாத அருவருப்பு எனக்கு. திரும்பும் வழியில் சார், "அந்தப் பக்கத்தை எடுத்துடும்மா" என்றார். முடியாது என்றேன். கையெழுத்துக்கு அவர் என்னை அலையவிட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்று கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, குழாயடியில் நின்று, நட்ட நடு மத்தியானத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்.